பி0401 கோடு, மலையில கரும்புகை: இஜிஆர் வால்வ் மாத்தித்தான் ஆகணுமா?

கோபி_மஞ்சள்காரன்:

வணக்கம்ங்க. வண்டி 2015 மாடல் 1.5 லிட்டர் டீசல் ஹேட்ச்பேக், பிஎஸ்4. ஓடினது 1,18,000 கிமீ. மஞ்சள் வியாபாரம் நமக்கு. கோபியில இருந்து சத்தி, பண்ணாரி, திம்பம் வழியா மைசூருக்கு அடிக்கடி போற வண்டி.

இந்த மழைக்காலம் முடிஞ்சதுல இருந்து செக் இன்ஜின் லைட் எரியுது. டவுனுக்குள்ள ஒரு குறையும் சொல்ல முடியாது. காலையில ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட், ஐடிலிங் சுத்தம். திம்பத்துல ஏறும்போதுதான் மானம் போகுது. கொண்டை ஊசியில திரும்பி மிதிச்சா இழுக்கவே மாட்டேங்குது, கண்ணாடியில பாத்தா பின்னாடி கருகருன்னு புகை. முன்னாடி மூணாவது கியர்ல போன இடமெல்லாம் இப்ப ரெண்டாவதுலதான் ஏறுது. ராத்திரி தடை போடறதுக்குள்ள மலை ஏறிடணும்னு ஓடறவனுக்கு இது பெரிய இம்சைங்க. மைலேஜும் 20ல இருந்து 17க்கு இறங்கிருச்சு.

பட்டறையில ஸ்கேனர் போட்டதுல பி0401, இஜிஆர் (எரிஞ்ச புகையில ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்கே திருப்பி விடற அமைப்பு) ஃப்ளோ பத்தலைன்னு வந்துச்சு. வால்வைக் கழட்டி கார்பன் கிளீனர் அடிச்சு மாட்டினாங்க. கொஞ்ச நாள் லைட் எரியல. மறுபடி அதே கோடு. இப்ப வால்வே போச்சு, அந்தப் புகையை ஆற வைக்கற இஜிஆர் கூலரோட சேர்த்து செட்டா மாத்தணும்னு 34,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கையில கொடுத்திருக்காங்க.

மாத்தறதுக்கு முன்னாடி வால்வ்தான் காரணம்னு நானே பாத்துக்க வழி இருக்கா? வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கற ப்ளூடூத் ஓபிடி டாங்கிள் ஒண்ணு இருக்கு, போன்ல லைவ் டேட்டா வரும்.


ஸ்பீடு_சேலம்:

ப்ரோ, 34,000 எல்லாம் எதுக்கு? ஒரு ஸ்டீல் தகடு வெட்டி இஜிஆர் பைப் ஜாயின்ட்ல வெச்சு அடைச்சுடுங்க. செலவு 300 ரூபாய். கரித்தொல்லை தீந்துச்சு, பிக்கப்பும் ஏறும். லைட்டை ரீமேப்ல, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாத்தி, ஆஃப் பண்ணிக்கலாம்.


பெருந்துறை_பட்டறை:

தம்பி, தகடு சங்கதிக்கு அப்புறம் வரேன். முதல்ல நோய் என்னன்னு பாப்போம்.

மஞ்சள்காரரே, நீங்க எழுதினதுலயே ரெண்டு விஷயம் ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரலைங்க. பி0401ன்னா இன்ஜினுக்குத் திரும்பி வர வேண்டிய புகை பத்தலைன்னு அர்த்தம். நிஜமாவே பத்தலைன்னு வெச்சுக்குங்க. சிலிண்டருக்குள்ள சுத்தக் காத்துதான் கூடப் போகும். காத்து கூடினா டீசல் நல்லா எரியும், கரும்புகை குறையணும். உங்களுக்குக் கூடுது. சரி, வால்வ் திறந்தபடியே மாட்டிக்கிச்சுன்னு எடுத்துக்கிட்டா கரும்புகைக்குக் கணக்கு வரும். ஆனா அப்ப ஐடிலிங்ல வண்டி நடுங்கும், சிக்னல்ல நின்னே போகும், கோடும் பி0402 பக்கம் போகும். உங்க ஐடிலிங் சுத்தம்ங்கறீங்க. அடைச்ச வால்வும் ஒத்து வரல, திறந்த வால்வும் ஒத்து வரல.

இந்த மாதிரி டீசல் வண்டியில இஜிஆர் பைப்புக்குள்ள எவ்வளவு புகை போகுதுன்னு அளக்கறதுக்குத் தனியா ஒரு சென்சாரும் கிடையாது. ஏர் ஃபில்டர் தாண்டினதும் உக்காந்திருக்கற ஏர் ஃப்ளோ சென்சார்தான் கணக்குப்பிள்ளை. வால்வ் திறந்தா சிலிண்டர்ல ஒரு பங்கு இடத்தைப் புகை புடிச்சுக்கும், அந்த அளவுக்கு வெளிக்காத்து உள்ள வர்றது குறையும். குறைஞ்சா இசியூ, அதான் இன்ஜின் கம்ப்யூட்டர், திருப்தியா இருக்கும். வால்வைத் திறக்கச் சொல்லியும் காத்து குறையலைன்னா பி0401 போட்டுடும். ஆக அந்தக் கோடு வால்வைப் பாத்துச் சொன்னதில்லைங்க, காத்தை எண்ணிச் சொன்னது. வால்வோட மோட்டார், பொசிஷன் சென்சார், வயர்னு அதுக்குள்ளயே கோளாறு இருந்தா பி0403ல இருந்து பி0406 வரைக்கும் உள்ள கோடுகள்தான் பெரும்பாலும் வரும். (பல பெட்ரோல் வண்டியில கணக்கே வேற. அங்க இன்டேக் மேனிஃபோல்டுல, அதாவது சிலிண்டர்களுக்குக் காத்தைப் பிரிச்சு விடற குழாயில, பிரஷர் ஏறுதான்னு பாத்து முடிவு பண்ணும். இதை அங்க கொண்டு போய்ப் போட்டுக் குழப்பிக்காதீங்க.)

இப்ப நீங்க செய்ய வேண்டியது. கோடை அழிக்காதீங்க. அழிச்சா ஃப்ரீஸ் ஃப்ரேமும் கூடவே போயிரும். கோடு விழுந்த அந்த நிமிஷத்துல வண்டி என்ன ஸ்பீடு, என்ன ஆர்பிஎம், எவ்வளவு லோட், இன்ஜின் எவ்வளவு சூடுங்கறது அதுலதான் பதிஞ்சிருக்கும். பாதிப் பட்டறையில கோடை மட்டும் படிச்சுட்டு அதைத் திறந்துகூடப் பாக்கறதில்ல. போட்டோ எடுத்து வெச்சுக்குங்க.

அப்புறம் ஒரு ரவுண்டு ஓட்டி, கூலன்ட் 80 டிகிரி தாண்டினதும் ஏசியை அணைச்சுட்டு ஐடிலிங்ல விடுங்க. ஆப்ல 'கமாண்டட் இஜிஆர்' (வால்வை எவ்வளவு திறக்கச் சொல்லுதுங்கற நம்பர்), ஏர் ஃப்ளோ ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரொம்ப நேரம் ஐடிலிங்ல நின்னா பல வண்டி தானாவே வால்வை மூடிக்கும், அதனால நிறுத்தின கையோட பாருங்க. நம்பரைக் குறிச்சுக்கிட்டு, வால்வ் கனெக்டரைக் கழட்டுங்க. கரண்ட் போனா ஸ்பிரிங் வால்வை மூடிடும். காத்து எவ்வளவு ஏறுதுன்னு குறிங்க. வேற கோடு ஒண்ணு விழும், பயப்பட வேண்டாம், அதான் ஃப்ரீஸ் ஃப்ரேமை முதல்லயே எடுக்கச் சொன்னேன்.

எவ்வளவு ஏறணும்? 1.5 லிட்டர் நாலு சிலிண்டர், 800 ஆர்பிஎம்ல நிமிஷத்துக்கு 1,600 தடவை மூச்சு இழுக்கும். ஒரு மூச்சுக்கு 375 சிசி, எடையில போட்டா 0.4 கிராமுக்குச் சித்தக் குறைவு. அப்ப செகண்டுக்கு 10 கிராம் சுமார். வால்வ் மூடினா அந்தப் பக்கத்துல நிக்கணும், திறந்தா 6, 7க்கு இறங்கணும். திறந்தாலும் மூடினாலும் 10லயே நின்னா பைப்போ கூலரோ கரியில அடைச்சிருக்குன்னு அர்த்தம்.


கோபி_மஞ்சள்காரன்:

அண்ணா, பாத்துட்டேன்.

ஃப்ரீஸ் ஃப்ரேம்: 2,180 ஆர்பிஎம், 66 கிமீ, லோட் 52 சதவீதம், கூலன்ட் 87 டிகிரி.

ஐடிலிங் 820 ஆர்பிஎம்ல கமாண்டட் இஜிஆர் 40ன்னு காட்டும்போது காத்து 6.1. கனெக்டரைக் கழட்டினதும் 10.2க்கு ஏறிடுச்சு. அணைச்சு, மாட்டி, மறுபடி ஸ்டார்ட் பண்ணா 6.2.


திருச்சி_எம்பிவி:

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். எனக்கு பி0404, காலையில குளிர்ல மட்டும் வருது. சூடான பிறகு ஒண்ணும் இல்ல. இதுக்கும் காத்துதான் பாக்கணுமா?


பெருந்துறை_பட்டறை:

திருச்சிக்காரரே, உங்களுது வேற கேஸுங்க. 0404ன்னா இசியூ சொன்ன இடத்துக்கு வால்வ் வந்து நிக்கலை. ராத்திரி ஆறினதும் கரி இறுகி தண்டைப் புடிச்சுக்குது, சூடானா விட்டுடுது. லைவ் டேட்டாவுல கேட்ட பொசிஷனும் நின்ன பொசிஷனும் காலையில எவ்வளவு விலகுதுன்னு பாருங்க. கனெக்டர்ல அஞ்சு வயர் இருந்தா ரெண்டு மோட்டாருக்கு, மூணு பொசிஷன் சென்சாருக்கு. சாவி போட்டு, சென்சார் வயர்ல 5 வோல்ட் வருதா, கிரவுண்டு இருக்கான்னு மல்டிமீட்டர்ல பாத்துட்டு, பச்சை புடிச்ச பின் இருந்தா துடைங்க. மின்சாரப் பக்கம் சுத்தம்னா வால்வைக் கழட்டிக் கழுவலாம். கழுவும்போது மோட்டார் மேல, வாய் கீழ இருக்கணும், கரைஞ்ச கரி மோட்டாருக்குள்ள இறங்கக் கூடாது. பெட்ரோல்ல முழுசா முக்கி வைக்கற பழக்கம் சில பேருக்கு இருக்கு, வால்வுக்கு அதோட கருமாதிதான். மாட்டும்போது புது கேஸ்கட் போட்டு, ஸ்கேனர்ல மூடின பொசிஷனை மறுபடி கத்துக் கொடுக்கச் சொல்லுங்க.

இப்ப மஞ்சள்காரர்.

10.2ல இருந்து 6.1க்கு இறங்குது. நூத்துக்கு நாப்பது காத்து குறையுதுங்க. உங்க வால்வ் திறக்குது, மூடுது, பைப்லயும் கூலர்லயும் புகை தாராளமாப் போகுது. ஏர் ஃப்ளோ சென்சாரும் ஒழுங்கு. அது அழுக்கானா பெரும்பாலும் குறைச்சுத்தான் காட்டும், உங்க 10.2 கணக்குக்கு அச்சா வருது. 34,000 ரூபாய் எஸ்டிமேட்டை மடிச்சு உள்ள வைங்க.

கோடு விழுந்தது எங்க? 66 கிமீ, 2,180 ஆர்பிஎம், பாதி லோட். அந்த நேரத்துல டர்போ காத்தை அமுக்கித் தள்ளுது. ஐடிலிங்ல தள்ளறதில்ல. டர்போவுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் நடுவுல எங்கயோ ஹோஸ் கிழிஞ்சிருக்குன்னு நினைக்கறேன், பிரஷர் வந்தா வாயைத் திறக்கற கிழிசல். உங்க வியாபாரத்துலயே சொல்றேன். கணக்குப்பிள்ளை வாசல்ல 10 மூட்டைன்னு எழுதறான், குடோனுக்கு வந்து சேந்தது 8. மீதி வழியில ஒழுகிருச்சு. இசியூ நோட்டை மட்டும் பாத்துட்டு, காத்து ஏன் இவ்வளவு வருது, புகையை இன்னும் கூட்டுன்னு வால்வைத் திறக்குது. அப்பவும் காத்து எதிர்பாத்த அளவுக்குக் குறையல. போட்டுச்சு பி0401. மலையிலயும் அதே கதைதான். எவ்வளவு டீசல் ஊத்தலாம்னு எல்லை வெக்கறதே அந்தக் காத்துக் கணக்கை வெச்சுத்தான். 10 மூட்டைக்கான டீசல் உள்ள போகுது, எரிக்க 8 மூட்டைக் காத்துதான் இருக்கு. மீதி கண்ணாடியில தெரியற கருப்பு.

பூஸ்ட் (டர்போ தள்ளற காத்தோட பிரஷர்) குறைவுன்னு பி0299 ஏன் வரலைன்னு கேப்பீங்க. கிழிசல் சின்னதா இருந்தா டர்போ இன்னும் வேகமாச் சுத்தி பிரஷரை ஈடுகட்டிடும். கழுவினதும் கொஞ்ச நாள் லைட் வராததுக்கும் பெருசா காரணம் தேட வேண்டாம், கோடை அழிச்சாங்க, அவ்வளவுதான். முதல் தடவை தப்பு கண்டா பென்டிங்ல வெச்சுக்கும், அடுத்த ஓட்டத்துலயும் கண்டாத்தான் லைட்டைப் போடும். டவுனுக்குள்ளயே ஓட்டினா அந்தச் சோதனைக்கே நேரம் வராது.

தேடறது எப்படின்னா, வண்டியைத் தூக்கி டர்போ வாயில இருந்து, அந்தக் காத்தை ஆற வைக்கற இன்டர்கூலர் வரைக்கும், அங்கிருந்து மேனிஃபோல்டு வரைக்கும் ஹோஸோட அடிப்பக்கத்தைக் கையால தடவிட்டு வாங்க. மேல இருந்து பாத்தா புதுசு மாதிரிதான் தெரியும். கிழிஞ்ச இடத்துல எண்ணெய் கசிஞ்சு மண்ணு ஒட்டி ஈரப்பிசுக்கா இருக்கும். அந்த இடத்தை முறுக்கிப் பாருங்க, வாய் தெரியும். தெரியலைன்னா பட்டறையில ஏர் ஃப்ளோ சென்சாருக்கு அந்தப் பக்கம் டர்போ போற பைப்பை அடைச்சு, டியூப் வால்வ் வழியா காத்துக் கொடுத்து சோப்புத் தண்ணி அடிக்கச் சொல்லுங்க. 0.5 பார் போதும். கம்ப்ரஸர்ல இருக்கறதை அப்படியே திறந்து விட்டா அடைப்பு பீரங்கிக்குண்டா வரும். டர்போவுக்கு முன்னாடி வந்து சேர்ற பிரீதர் ஹோஸையும் (இன்ஜினுக்குள்ள இருந்து எண்ணெய் ஆவியைக் கொண்டு வர்ற குழாய்) கட்டிடணும். இல்லைன்னா காத்து இன்ஜினுக்குள்ள இறங்கி டிப்ஸ்டிக் வழியா உஸ்ஸுன்னு வரும், அதையே லீக்குன்னு ஏமாந்து நிப்பீங்க.

சேலத்துத் தம்பி, இப்ப தகடு. தகடு வெச்சா வால்வ் திறந்தாலும் காத்து குறையவே குறையாது. அப்ப எந்தக் கோடு வரும்னு நீங்களே சொல்லுங்க. இவருக்கு எப்பவாச்சும் வர்றது தினமும் வரும். ஹோஸ் கிழிசல் அப்படியே இருக்கும், திம்பத்துல புகையும் அப்படியே இருக்கும்.


லாவண்யா_ஓரகடம்:

இன்ஜின் கேலிபரேஷன் வேலையில இருக்கேன். பட்டறை அண்ணா சொன்ன காத்துக் கணக்குலதான் நாங்களும் தினம் மாரடிக்கறோம், அதனால தகடு பத்தி மட்டும் ரெண்டு வார்த்தை.

இஜிஆர் இருக்கறது பிக்கப்பைக் கெடுக்க இல்ல, எரியற இடத்துல உச்ச வெப்பத்தைக் குறைக்க. வெப்பம் ஏறினா காத்துல இருக்கற நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்ஸைடு ஆகும். பிஎஸ்4 டீசல் காருக்கு அதோட வரம்பு கிலோமீட்டருக்கு 0.25 கிராம், பிஎஸ்6ல 0.08. நம்ம ஊர் பியூசி சென்டர்ல டீசலுக்குப் புகையோட அடர்த்தியை மட்டும்தான் அளக்கறாங்க, இந்த வாயுவை அளக்கறதே இல்ல. அதனால தகடு வெச்ச வண்டியும் சர்டிபிகேட் வாங்கிடும். 'என் வண்டி பாஸ் ஆச்சே'ன்னு யாராவது சொன்னா அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல. ஆக்ஸிலரேட்டரை நல்லா மிதிச்சு முழு லோட்ல ஏறும்போது பெரும்பாலான வண்டியில இசியூவே வால்வை மூடிடும், அதனால மலையில தகடால பிக்கப் கூடுறதுக்கும் வழியில்ல.

மஞ்சள்காரர் சார், கூலரையும் சேர்த்து மாத்தச் சொன்னாங்களே, கூலன்ட் குறையுதான்னு யாராவது கேட்டாங்களா? வெளிய எங்கயும் ஒழுகாம டேங்க்ல மட்டும் அளவு இறங்குது, வெள்ளைப் புகை வருதுன்னா கூலரைச் சந்தேகப்படணும், அதைத் தள்ளிப் போடக் கூடாது. 2018 கோடையில தென் கொரியாவுல பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் வரிசையா தீப்பிடிச்சதுக்கு இஜிஆர் கூலர்ல கசிஞ்ச கூலன்ட்தான் காரணமாச் சொல்லப்பட்டுச்சு. கசிஞ்சது கரியோட சேர்ந்து படிஞ்சு, சூடான புகை பட்டதும் பத்திக்கிச்சு. ஒரு லட்சத்துக்கும் மேல வண்டிகளைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாச்சு. கூலன்ட் இறங்கலைன்னா உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம்.


ஸ்பீடு_சேலம்:

எனக்கு லைட் வரலையே, ரீமேப்ல ஆஃப் பண்ணிட்டாங்களே! சரி விடுங்க, ஹோஸ் மேட்டர் எனக்கும் புதுசு. ரிசல்ட் போடுங்க ப்ரோ.


கோபி_மஞ்சள்காரன்:

கிடைச்சிருச்சுங்க!

டர்போவுக்குக் கீழ இருந்து இன்டர்கூலருக்குப் போற ஹோஸ். வளைவோட உள்பக்கம், ஒரு இரும்பு பிராக்கெட் முனையில உரசி உரசித் தேஞ்சு, சுண்டுவிரல் நீளத்துக்குக் கிழிஞ்சிருக்கு. சும்மா பாத்தா கருப்புக் கோடு மாதிரிதான் இருந்துச்சு, சுத்தி மண்ணும் எண்ணெயும் சேர்ந்து அப்பம் மாதிரி. பட்டறைப் பையன் சோப்புத் தண்ணி அடிச்சு காத்து விட்டதும் பிராக்கெட்டுக்குப் பின்னாடி இருந்து நுரை பொங்கிட்டு வந்துச்சு. எஸ்டிமேட் எழுதினவர் பக்கத்துலயே நின்னு பாத்துட்டு, 'இது ஒரு காரணமா இருக்கலாம்'னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டார்.

ஹோஸ் 2,350, கிளாம்ப் ரெண்டு, கூலி எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். கோடு அழிச்சுட்டு சாம்ராஜ்நகர் வரைக்கும் போய் வந்துட்டேன். திம்பம் பழையபடி மூணாவதுல ஏறுது, கண்ணாடியில புகை இல்ல. பென்டிங்ல கூட எதுவும் விழல. லாவண்யா மேடம், கூலன்ட் அளவு கோட்டுலயே நிக்குது.

ஒரே ஒரு சந்தேகம் அண்ணா. ஹோஸ் கழட்டினப்ப மேனிஃபோல்டு வாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தோம், கரி ஒரு படிமானமா இருக்கு. ஓடற இன்ஜின்ல ஸ்பிரே அடிச்சுச் சுத்தம் பண்ணிடலாம்னு அந்தப் பையன் சொல்றான். பண்ணலாமா?


பெருந்துறை_பட்டறை:

வேண்டாம்ங்க. 1,18,000 ஓடின டீசல்ல கரி இல்லைன்னாத்தான் ஆச்சரியம். புகையில வர்ற கரியும் பிரீதர்ல வர்ற எண்ணெய் ஆவியும் சேர்ந்தா அந்தப் பசை வரத்தான் செய்யும். உங்க காத்து நம்பர் நல்லா இருக்கு, வழி விட்டிருக்குன்னு அர்த்தம், அதை இப்பத் தொட வேண்டாம். ஓடற டீசல் இன்ஜின் வாயில கண்டபடி ஸ்பிரே அடிச்சா அந்தத் திரவமே எரிபொருளாகும், சாவியைத் திருப்பினாலும் நிக்காம ஏறி ஓடற ஆபத்து இருக்கு. கட்டி கட்டியாப் பேந்து வால்வ் சீட்ல போய் உக்காந்தா அது தனிச் செலவு. என்னைக்காவது ஐடிலிங்ல காத்து 6ல இருந்து 8, 9க்கு ஏறி நின்னுச்சுன்னா, அன்னைக்கு மேனிஃபோல்டைக் கழட்டி மேஜை மேல வெச்சுச் சுரண்டிக்கலாம்.

அதை விட அவசரம் அந்த பிராக்கெட். முனையை அரத்தால மழுக்கிட்டு, பழைய ஹோஸ்லயே ஒரு துண்டு வெட்டி, வாயைப் பிளந்து அது மேல மாட்டிக் கட்டிடுங்க. ரெண்டு கிளாம்பையும் வண்டி சூடாகி ஆறினதுக்கு அப்புறம் இன்னொரு தடவை இறுக்கச் சொல்லுங்க.